24 வோல்ட் லாரியில் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிய கதை

பேட்டரியை வண்டியிலிருந்து துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்து நிறுத்தினால் பேட்டரி இறங்காது என்பது லாரிக்காரர்கள் எல்லோருடைய நம்பிக்கை. என்னுடைய நம்பிக்கையும் அதுதான். இந்த வண்டியில் அது பொய்த்தது. காரணம் கடைசியில் ஒரே ஒரு சிவப்பு ஒயர். அதைத் தேடிப் போன வழியை வரிசையாக எழுதிவைக்கிறேன். 24 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதியாவது உதவும்.

வண்டி பத்துச் சக்கரம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, சீரிஸில். அதாவது ஒன்றின் ப்ளஸ் மற்றதன் மைனஸோடு சேர்ந்து, மொத்தம் 24 வோல்ட். தினமும் ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. வாரக் கடைசியில் லோடு இல்லாமல் நின்றால் போச்சு. திங்கட்கிழமை சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். டாஷ்போர்டு விளக்கு மங்கும், சாவியை விட்டதும் பழையபடி எரியும். ஜம்ப் போட்டால் உடனே எடுத்துக்கொள்ளும். பேட்டரி பழசும் இல்லை.

முதல் அளவு குழப்பத்தைத்தான் கூட்டியது. செல்ஃப் எடுக்காத காலையில், ஜம்ப் போடுவதற்கு முன், இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வெளி முனைகளில் மீட்டர் வைத்தேன். 24.65 வோல்ட். முழு சார்ஜில் 25.4 வரை காட்ட வேண்டும், பாதியில் 24.4. ஆக, பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தம். பாதி சார்ஜ் உள்ள பேட்டரி, குளிர் இல்லாத காலையில், இந்த இன்ஜினைச் சுற்றிவிட வேண்டும். அதனால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மீதும் கேபிள் மீதும் போனது. எர்த் கேபிள் போல்ட்டைக் கழற்றி, சேஸிஸ் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினேன். சாவி திருப்பும்போது பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்தேன். அரை வோல்ட்டுக்கும் கீழே. கேபிளில் குறை இல்லை.

அடுத்து, வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ. ஐட்லிங்கில் 27.9 வோல்ட். ஹெட்லைட்டும் ப்ளோயரும் போட்டால் 27.6. மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் வைத்தால் 0.1. டைனமோவுக்குள் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று போயிருந்தால் இது எகிறியிருக்கும். டயோடு கசிந்தால் இன்ஜின் நின்ற பிறகும் டைனமோ வழியாகக் கரண்ட் பின்னோக்கிப் போகும். ஆகவே இன்ஜினை அணைத்துவிட்டு டைனமோவின் பெரிய ஒயரில், ஒயரைக் கவ்வியபடியே கரண்ட்டை அளக்கும் க்ளாம்ப் மீட்டரை மாட்டினேன். ஒன்றுமில்லை. டைனமோவும் தப்பித்தது.

மிச்சம் இருப்பது திருட்டுக் கரண்ட். வண்டி தூங்கும்போதும் ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது. இதை அளக்கும் முறை எளிது, ஆனால் அவசரப்பட்டால் மீட்டரின் பியூஸ் போகும். 10 ஆம்பியர் துளையில் மீட்டர் ஒயரைச் செருகி, பேட்டரி ப்ளஸ் முனைக்கும் கழற்றப்போகும் கேபிளின் லக்குக்கும் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்) இடையில் மீட்டரை முதலில் மாட்ட வேண்டும். கூடவே, முதலைக்கவ்வி போட்ட தடித்த ஒயர் ஒன்றை அதே இரண்டு இடங்களில் பாலமாகப் போட வேண்டும். அதன் பிறகுதான் கேபிளை முனையிலிருந்து தூக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒரு நொடிகூட மின்சாரம் அறுபடாது. அறுபட்டால் கன்ட்ரோல் யூனிட்டுகள் ரீசெட் ஆகிவிடும். குறையும் அதோடு தற்காலிகமாக மறைந்துபோகலாம். கேபின் கதவு பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்ப வைத்தேன். வண்டி அடங்கும்வரை கரண்ட் பால ஒயர் வழியாகவே போகட்டும், கடைசியில் அந்த ஒயரை எடுத்தால் மீட்டர் கணக்குச் சொல்லும். மீட்டர் மாட்டிய நிலையில் யாரும் சாவியைத் தொடக் கூடாது. டிரைவரிடம் சொல்வதைவிட சாவியையே சட்டைப்பையில் போட்டுக்கொள்வது நல்லது.

நடுநடுவே பால ஒயரை ஒரு கணம் எடுத்துப் பார்த்தேன். சாவி எடுத்த உடனே 4.2 ஆம்பியர். கேபின் விளக்கு அணைந்ததும் 1.1. கீழே ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) பம்ப் குழாயிலிருந்து திரவத்தை உறிஞ்சித் திருப்பும் சத்தம் கேட்டு நின்றதும் 0.38. பம்ப் அந்த வேலையை முடிக்கும் முன் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள், மிச்சம் உள்ள யூரியா குழாயிலேயே உறைந்து உப்பாகிவிடும். சுமார் இருபது நிமிடம் கழித்து மீட்டர் 0.07-இல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

0.07 ஆம்பியர் என்றால் 70 மில்லிஆம்பியர். ஜிபிஎஸ் டிராக்கர், கடிகாரம், கன்ட்ரோல் யூனிட் நினைவகம் எல்லாம் சேர்ந்து ஒரு லாரியில் இவ்வளவு போவது இயல்புதான். ஒரு நாளைக்கு 1.7 ஆம்பியர்-ஹவர். இந்த வேகத்தில் பேட்டரி பாதியாக இறங்க நாற்பது நாளுக்கு மேல் ஆகும். இங்கே வாரக் கடைசியிலேயே செத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எப்போதாவது மட்டும் விழித்துக்கொண்டு குடிக்கும் ஏதோ ஒன்று என்று முடிவு கட்டினேன். ஒட்டிக்கொள்ளும் ரிலே, அடிக்கடி எழும் கன்ட்ரோல் யூனிட், இப்படி. பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்குவது பழைய வழி. அதில் பிடுங்கும்போதும் செருகும்போதும் யூனிட்டுகள் விழித்துக்கொள்ளும், கணக்கு கெடும். பியூஸைப் பிடுங்காமல் அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்ப்பது மேல். 10 ஆம்பியர் பியூஸின் தடை 7, 8 மில்லிஓம் இருக்கும். ஒரு ஆம்பியர் போனால் 7, 8 மில்லிவோல்ட் காட்டும். ஒன்றும் போகாவிட்டால் சுத்தமாகப் பூஜ்யம். எல்லா பியூஸும் பார்த்தாயிற்று. ஒன்றிரண்டில் அரை மில்லிவோல்ட். மற்றவை மௌனம்.

இரவு முழுக்க ப்ளஸ் கேபிளில் க்ளாம்ப் மீட்டரை மாட்டி, அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதியையும் போட்டுவிட்டேன். க்ளாம்ப் வாங்குபவர்கள் கவனிக்க: 400 ஆம்பியர் அளக்கும் பெரிய க்ளாம்ப் இந்த வேலைக்கு உதவாது. அதன் கடைசி இலக்கமே 0.1 ஆம்பியர்தான். மில்லிஆம்பியர் காட்டும் டிசி க்ளாம்ப் வேண்டும். கேபிளில் மாட்டும் முன், அதே இடத்தில் அதே திசையில் வைத்துப் பூஜ்யம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பூமியின் காந்தமும் பக்கத்து இரும்பும் சேர்ந்து பொய் சொல்லவைக்கும். காலையில் பார்த்தால் அதிகபட்சம் 0.4. டிராக்கர் சிக்னல் அனுப்பும் சில நொடிகள் அது. வேறு எதுவும் விழிக்கவே இல்லை.

அப்படியானால் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்ப்போம் என்று, ஜம்ப் போட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து, வாரக் கடைசி முழுக்க சுவிட்சை அணைத்தே வைத்தேன். இந்த வண்டியில் சுவிட்ச் ப்ளஸ் கேபிளில் இருக்கிறது. அணைத்தால் ப்ளஸ் வழியாக ஒரு சொட்டுக் கரண்ட் போகாது. மீட்டர் வைத்தும் உறுதி செய்துகொண்டேன். திங்கட்கிழமை அதே 'டக்'.

சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் இறங்குகிறது என்றால், பேட்டரி தனக்குள்ளேயே இறங்குகிறது என்று நினைக்கத் தோன்றும். நல்ல நிலையில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி தானாக இறங்குவது மாதத்துக்குச் சில சதவீதம்தான். மேல்புறம் ஆசிட் ஈரமும் அழுக்கும் படிந்திருந்தால் அதன் வழியே கொஞ்சம் கசியும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பிளாஸ்டிக் மூடியின் மீதும் வைத்தால் அது தெரியும். ஒரு பேட்டரியின் மூடியில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவைத்தேன். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுத்துவிடும்.

விஷயம் பிடிபட்டது இந்தக் கழுவலில்தான். இரண்டு பேட்டரியில் ஒன்றின் மேல்புறம் மட்டும்தான் ஆசிட் ஈரம். அதன் முனையில் மட்டும்தான் வெள்ளைப் பொடி. டிரைவரிடம் கேட்டேன். "அந்தப் பேட்டரி மட்டும்தாண்ணே தண்ணி குடிக்கும். இன்னொண்ணுக்கு ஊத்தவே வேண்டாம்" என்றார். சீரிஸில் இருக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் தண்ணீர் குடித்தால், அது மட்டும் கொதிக்கும் அளவுக்குச் சார்ஜ் ஆகிறது என்று பொருள். ஏன் அது மட்டும்?

அதுவரை ஒரு தடவைகூடப் பேட்டரிகளைத் தனித்தனியாக அளக்கவில்லை. வெளி முனைகளில் மட்டுமே மீட்டர் வைத்துக்கொண்டிருந்தேன்.

இனி, சேஸிஸில் எர்த் ஆகியிருப்பதை எர்த் பேட்டரி என்றும், மற்றதை ப்ளஸ் பேட்டரி என்றும் சொல்கிறேன். ப்ளஸ் பேட்டரி 12.70. எர்த் பேட்டரி 11.95. கூட்டினால் அந்த 24.65 தான். ஒன்று முழு சார்ஜ், மற்றொன்று கால்வாசி. கூட்டுத்தொகை இரண்டையும் பாதியாகக் காட்டி ஏமாற்றியிருக்கிறது. சாவியைத் திருப்பும்போது ப்ளஸ் பேட்டரி 11.3-இல் நின்றது, எர்த் பேட்டரி 6.4-க்குச் சரிந்தது. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ப்ளஸ் பேட்டரியில் 15.0, எர்த் பேட்டரியில் 12.9. டைனமோ ரெகுலேட்டருக்குத் தெரிவது 27.9 என்ற மொத்தம் மட்டும்தான். அது திருப்தியாகி கரண்ட்டைக் குறைத்துவிடுகிறது. நிறைந்த பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழக்கிறது, காய்ந்த பேட்டரி நிறைவதே இல்லை.

பேட்டரிக்குள்ளேயே கோளாறு இல்லாவிட்டால், இப்படி ஒன்று மட்டும் இறங்க ஒரே வழிதான் உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருந்து யாரோ 12 வோல்ட் எடுத்திருக்க வேண்டும். அப்படி எடுத்த கரண்ட், எர்த் பேட்டரியின் ப்ளஸில் கிளம்பி, சேஸிஸ் வழியாக அதன் மைனஸுக்கே திரும்பிவிடும். ப்ளஸ் பேட்டரிக்குள் அது போகவே போகாது. நான் மீட்டர் மாட்டியிருந்த ப்ளஸ் கேபிளிலும் போகாது. மெயின் சுவிட்சும் ப்ளஸ் கேபிளில்தான் இருக்கிறது, அதனால் அதை அணைத்தாலும் இதை நிறுத்த முடியாது. ப்ளஸ் கேபிள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது, எர்த் கேபிள் பேட்டரி தட்டுக்குப் பின்னால் ஃபிரேம் ஓரமாக ஒளிந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

க்ளாம்பை எடுத்துக்கொண்டு மூன்று இடத்தில் மாட்டினேன். ப்ளஸ் கேபிளில் 0.07. இரண்டு பேட்டரியையும் இணைக்கும் நடுக் கேபிளில் 0.07. எர்த் கேபிளில் 0.93. வித்தியாசம் 0.86 ஆம்பியர். ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-ஹவருக்கு மேல். அறுபது மணி நேரம் நின்றால் 50-ஐத் தாண்டும். 150 ஆம்பியர்-ஹவரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓட்டத்திலும் முழுதாக நிறையாத பேட்டரிக்கு அது போதும்.

நடுக் கேபிளின் நட்டுக்கு அடியில், எர்த் பேட்டரியின் ப்ளஸ் முனையில், ஒரு சின்ன லக் ஒளிந்திருந்தது. மேலே கிரீஸும் தூசியும் அப்பியிருந்ததால் பெரிய லக்கின் ஒரு பகுதி போலவே தெரிந்தது. துணியால் துடைத்ததும் பச்சைக் களிம்பு பிடித்த செம்பும், அதிலிருந்து கிளம்பும் சிவப்பு ஒயரும் வந்தன. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பியூஸ் கிடையாது. பேட்டரி பெட்டியின் தகர விளிம்பில் ரப்பர் வளையம்கூட இல்லாமல் நுழைந்திருந்தது. விளிம்பு தொட்ட இடத்தில் உறை பாதி தேய்ந்து, உள்ளே செம்பு இழைகள் மின்னின. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நேராகச் சேஸிஸில் ஷார்ட் ஆகியிருக்கும், பியூஸ் இல்லாத அந்த ஒயர் சிவந்து எரிந்திருக்கும். பேட்டரி இறங்கியது தொல்லைதான். ஆனால் இந்த இடத்தைப் பார்த்த பிறகு அது இறங்கியதே நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது.

ஒயர் கேபினுக்குள் ஏறி, படுக்கைக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபையரில் முடிந்தது. கை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது, வண்டி அணைந்து வெகுநேரமாகியும். 12 வோல்ட் பாட்டு செட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ளது, சிவப்பு சாவியோடு வருவது. நீல ஒயர் செட் போட்டிருக்கும்போது மட்டும் ஆம்ப்ளிஃபையரை எழுப்புவது. செட்டை எப்போதோ மாற்றியபோது நீலத்தை மஞ்சளோடு முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையர் அன்றிலிருந்து தூங்கவே இல்லை.

நீல ஒயரைப் பிரித்து அதன் இடத்தில் சேர்த்தாலே 0.86-இல் பெரும்பகுதி மறைந்துவிடும். க்ளாம்ப் உடனே 0.09-க்கு வந்ததைப் பார்த்தேன். ஆனால் அதோடு நிறுத்தினால் நடுவில் எடுக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். பாட்டு ஓடும் நேரமெல்லாம் எர்த் பேட்டரி கூடுதலாக இறங்கத்தான் செய்யும். சிலர் மாதாமாதம் இரண்டு பேட்டரியையும் இடம் மாற்றி வைத்துச் சமாளிக்கிறார்கள். அது நோயை இரண்டு பேட்டரிக்கும் பங்கிட்டுக் கொடுப்பது, அவ்வளவுதான். இரண்டு பேட்டரியையும் சமன் செய்யும் ஈக்வலைசர் என்ற கருவி உண்டு. 12 வோல்ட் பொருட்கள் நிறைய இருக்கும் வண்டிக்கு அது தகும். இந்த வண்டியில் பாட்டு செட்டும் போன் சார்ஜரும்தான், ஆகவே 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வர்ட்டர் போதும் என்று முடிவு செய்தேன்.

20 ஆம்பியர் கன்வர்ட்டர் போட்டேன். முழு லோடில் அது 24 வோல்ட் பக்கம் 13, 14 ஆம்பியர் எடுக்கும், அதனால் 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரி பக்கம், ஒயர் தொடங்கும் இடத்திலேயே. கேபினில் கன்வர்ட்டருக்குப் பக்கத்தில் போட்டால் நடுவில் உள்ள நீள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை. மின்சாரத்தை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் எடுத்து, 24 வோல்ட் ரிலே வழியாகக் கொடுத்தேன். ரிலேயின் முனை எண்களில், 30-இல் பியூஸிலிருந்து வரும் ஒயர், 87-இல் கன்வர்ட்டர், 86-இல் சாவியோடு வரும் ஒயர், 85 எர்த். கன்வர்ட்டர்கள் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் குடிக்கும், ரிலே அதையும் நிறுத்திவிடும். ஒயர் 4 சதுர மில்லிமீட்டர். தகர விளிம்பில் ரப்பர் வளையம், வளையத்துக்குள் நெளி குழாய். லக்கை இடுக்கியால் நசுக்காமல் கிரிம்பிங் கருவியால் பிடித்து, பசை உள்ள ஸ்லீவ் போட்டுச் சூடேற்றினேன். பழைய சிவப்பு ஒயரைத் துண்டித்து உள்ளேயே விட்டுவிடலாம் என்று ஆசை வந்தது. முழுதாக உருவி எடுத்துவிட்டேன். விட்டுவைத்தால் அடுத்த ஆள் அதில் எதையாவது சேர்ப்பார்.

பேட்டரிகளைக் கழற்றி, 12 வோல்ட் சார்ஜரில் தனித்தனியாகப் போட்டேன். ஜோடியாகச் சார்ஜ் செய்தால் பழைய கதையே நடக்கும். சார்ஜுக்கு முன், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ப்ளஸ் பேட்டரியின் செல்கள் 1.275-க்கு மேல், எர்த் பேட்டரியின் செல்கள் 1.150-க்கும் 1.165-க்கும் இடையில். மெதுவாக, 8 ஆம்பியரில், அளவு ஏறுவது நிற்கும்வரை விட்ட பிறகு எர்த் பேட்டரி 1.240 முதல் 1.255 வரை வந்தது. ஒரு செல் மட்டும் 1.225-ஐத் தாண்டவில்லை. நெடுநாள் பட்டினி கிடந்ததில் சல்ஃபேட் படிந்துவிட்டது. லோடு டெஸ்டரில், குளிர்கால ஸ்டார்ட்டிங் ஆம்பியரில் பாதியைப் பதினைந்து நொடி இழுத்தால் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. ப்ளஸ் பேட்டரி 10.6. எர்த் பேட்டரி 9.8. பாஸ்தான், மயிரிழையில்.

எல்லாம் மாட்டிய பிறகு மூன்று கேபிளிலும் 0.07. மெயின் சுவிட்சை அணைத்தால் மூன்றிலும் பூஜ்யம். இன்ஜின் ஓடும்போது ப்ளஸ் பேட்டரியில் 14.0, எர்த் பேட்டரியில் 13.9. ஒரு வாரக் கடைசி நின்ற பிறகு 12.68, 12.52. செல்ஃப் முதல் திருப்பலிலேயே எடுத்தது.

இனி இப்படி ஒரு வண்டி வந்தால் வரிசையைத் தலைகீழாக்குவேன். முதல் வேலை இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளப்பது. ஒரு நிமிட வேலை. வித்தியாசம் 0.1 வோல்ட்டைத் தாண்டினால் பியூஸ் பெட்டிப் பக்கமே போக மாட்டேன். இரண்டாவது, க்ளாம்பை எர்த் கேபிளில் மாட்டுவது, கை எட்டாவிட்டாலும் தட்டைக் கழற்றியாவது. கம்பெனி ஒயரிங் எதையும் தொடும் முன், பிறகு யாரோ சேர்த்த பொருட்களை எல்லாம் கண்ணால் பார்த்துவிடுவேன். கன்வர்ட்டரில் மெமரிக்கென்று தனி முனை உள்ளதையும் பார்த்து வாங்கியிருக்கலாம். இப்போது சாவி எடுத்தால் பாட்டு செட்டின் ஸ்டேஷன் எல்லாம் அழிந்துபோகிறது, "தினமும் முதல்லேர்ந்து தேட வேண்டியிருக்குண்ணே" என்று டிரைவர் புலம்புகிறார். எர்த் பேட்டரியின் அந்த 1.225 செல்லை மாதம் ஒருமுறை ஹைட்ரோமீட்டரில் பார்த்துவருகிறேன். அது விழும்போது இரண்டையும் சேர்த்துத்தான் மாற்றுவேன், புதுசையும் பழசையும் ஜோடி சேர்க்க மாட்டேன்.